கொடுப்பவர் கற்றுக்கொண்டவை

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் நிதியக் குழுவின் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



நிதியத்தின் சாதனைகளைப் பற்றிப் பேசும்படி விழாக்குழு எங்களைக் கேட்டது. எத்தனை பிள்ளைகள் படித்தார்கள், எத்தனை முன்பள்ளிகளுக்கு உதவினோம் என்ற விபரமெல்லாம் ஆண்டறிக்கையில் இருக்கிறது. மண்டப வாசலில் அதன் பிரதிகள் வைக்கப்பட்டுள்ளன. ஆகவே இந்த நேரத்தை வேறொன்றுக்குப் பயன்படுத்த அனுமதி கேட்கிறோம். எமது நிதியம் நேரடியாக வகுப்போ முன்பள்ளியோ நடத்துவதில்லை. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள், முன்பள்ளிப் பெற்றோர் குழுக்கள், மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகள் போன்ற ஊர்ச் சங்கங்களுக்குப் பணம் கொடுக்கிறோம். வேலையை அவர்களே செய்கிறார்கள். அப்படியானால் யாருக்குக் கொடுப்பது என்று எப்படித் தீர்மானிக்கிறோம்? கொடுத்தபின் அவர்களோடு எப்படி நிற்கிறோம்? இதில் எங்கே பிழைவிட்டோம்? இவற்றைத்தான் சொல்ல வந்திருக்கிறோம்.

இதை இன்று சொல்வதற்கு ஒரு காரணமும் உண்டு. நூற்றாண்டை முன்னிட்டு எல்லாக் கிளைகளும் சேர்த்த பணம் விரைவில் நிதியத்துக்கு வந்துசேரும். இதுவரை நாங்கள் கையாண்ட எந்தத் தொகையைவிடவும் அது பெரியது. சிறிய பணத்தில் விட்ட பிழைகளைப் பெரிய பணத்திலும் விடக்கூடாது என்றால், அவற்றை முதலில் உங்கள் முன் வைக்கவேண்டும்.

எங்கள் வீடுகளில் கொடுப்பதைப் பற்றி இரண்டு விதமான பேச்சு இருந்தது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார் அப்பா. ஒரு கை கொடுப்பது மறு கைக்குத் தெரியக்கூடாது என்பார் அம்மா. நிதியத்தின் வேலை முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவிலேதான் நடக்கிறது. ஊரார் பணம் என்பதால் அளந்து போடாமல் இருக்க முடியாது. ஆனால் அளக்கிறோம் என்ற பெயரில் வாங்குபவரைக் கூனிக் குறுக வைத்தால் அது கொடையாகாது.

முதலில் கொஞ்சம் பழைய கதை. இந்த மண்ணில் பெண்கள் படிக்கத் தொடங்கியதே பிறர் கொடுத்த பணத்தில்தான். அமெரிக்க மிஷனரிமார் 1816 இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1824 இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார்கள். அந்நாளைய விடுதிப் பாடசாலைகளில் பிள்ளைகளின் செலவுக்கு அமெரிக்காவில் இருந்தவர்கள் பணம் அனுப்பினார்கள். ஒரு பிள்ளையின் செலவை ஏற்பவர், அந்தப் பிள்ளைக்குத் தான் விரும்பிய பெயரைச் சூட்டலாம் என்ற வழக்கமும் இருந்தது. தகப்பன் வைத்த பெயர் வீட்டில் இருக்க, கடல் கடந்த யாரோ ஒருவரின் பெயர் பாடசாலை இடாப்பில் ஏறியது. அந்தப் பிள்ளைகளில் பலர் பின்னாளில் தமிழுக்கும் இந்த மண்ணுக்கும் பெரும் தொண்டு செய்தார்கள். கொடுத்தவர்களின் நல்ல மனதை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. ஆனாலும் ஒரு பிள்ளையின் பெயரையே மாற்றும் உரிமை பணத்தோடு சேர்ந்து வந்தது என்பதையும் மறப்பதற்கில்லை.

இன்னொரு வழக்கமும் நம்மிடம் இருந்தது. அதுதான் பிடியரிசி. உலை வைக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பிடி அரிசியை எடுத்து வேறு பானையில் போட்டு வைப்பார்கள். அதைச் சேர்த்துக் கோயிலுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ கொடுப்பார்கள். கொடுத்தவளின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. அவளுக்கு யாரும் அறிக்கை அனுப்பவுமில்லை. ஆனால் பள்ளிக்கூடம் அவள் வீட்டுப் படலையிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில் இருந்தது. வாத்தியார் வராவிட்டால் அன்றைக்கே அவளுக்குத் தெரியும். எங்கள் நிதியத்துக்குப் பணம் தருபவர்களில் பெரும்பாலானோர் இன்று கடல் கடந்து இருக்கிறார்கள். படலையிலிருந்து பார்க்க முடியாத தூரம். அந்தத் தூரத்தை நிரப்பத்தான் விண்ணப்பம், ஒப்பந்தம், அறிக்கை எல்லாம் வந்தன.

நாங்கள் தொடங்கியபோது எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி கடதாசி வழிதான். எங்கள் குழுவில் வங்கியில் வேலை செய்தவர்கள் இருந்தோம், கணக்காளர்கள் இருந்தோம், ஓய்வுபெற்ற அதிபர்கள் இருந்தோம். பெரிய சர்வதேச நிறுவனம் ஒன்றின் படிவத்தைப் பார்த்து எங்கள் படிவத்தைத் தயாரித்தோம். அது பதினான்கு பக்கம். நோக்கம், குறிக்கோள், எதிர்பார்க்கும் விளைவு, விளைவை அளக்கும் குறிகாட்டி, இடர் முகாமைத்துவம் என்று கட்டம் கட்டமாக இருந்தது. மூன்று வருடக் கணக்காய்வு அறிக்கையும் இணைக்கவேண்டும். கிளைகளில் உள்ள பிள்ளைகளும் வாசிக்கவேண்டும் என்பதற்காக ஆங்கிலத்தில் நிரப்பினால் நல்லது என்றும் ஒரு வரி போட்டிருந்தோம்.

அழகாக நிரப்பிய விண்ணப்பங்கள் வந்தன. அவற்றுள் பலவற்றின் வசனங்கள் ஒன்றுபோலவே இருப்பதைக் காண எங்களுக்கு இரண்டு வருடம் எடுத்தது. பட்டணத்தில் கட்டணம் வாங்கிக்கொண்டு முன்மொழிவு எழுதிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பத்துப் பெண்கள் மாதச் சந்தாவாகச் சேர்த்த காசில் அந்தக் கட்டணத்தைக் கட்டித்தான் எங்கள் வாசலுக்கு வந்திருக்கிறார்கள். கட்டணம் கட்ட முடியாதவர்கள் வரவேயில்லை. எங்கள் படிவம் யார் நன்றாக வேலை செய்கிறார்கள் என்பதை அளக்கவில்லை. யாருக்கு நன்றாக எழுதத் தெரியும், அல்லது யாரால் எழுதுவிக்க முடியும் என்பதை அளந்தது.

அடுத்து, நாங்கள் சொல்லத் தயங்குகிற கதை. முல்லைத்தீவு மாவட்டத்தில் ஓர் உட்கிராமம். மீள்குடியேறியவர்களின் மாதர் சங்கம் அங்கே பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தியது. அந்த ஊர்ப் பாடசாலையில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் இல்லை. சங்கமே இரண்டு இளம் பெண்களை அமர்த்தி மாதாமாதம் சிறு கொடுப்பனவு கொடுத்தது. 2017 இல் நாங்கள் அவர்களுக்கு உதவ ஒத்துக்கொண்டோம். பணம் இரண்டு தவணை. முதல் தவணைக்குரிய அறிக்கையும் பற்றுச்சீட்டுகளும் வந்தபின் இரண்டாம் தவணை என்பது ஒப்பந்தம்.

அறிக்கை பிந்தியது. வந்தபோது பற்றுச்சீட்டுகள் எங்கள் விதிப்படி இருக்கவில்லை. கொப்பித் தாளில் கையால் எழுதிய சிட்டைகள். கடைக்காரரின் முத்திரை இல்லை. திருத்தி அனுப்பும்படி எழுதினோம். திருப்பி வந்ததில் வேறொரு குறை இருந்தது, மறுபடியும் எழுதினோம். இப்படி மூன்று தடவை. யூனில் போகவேண்டிய காசோலை நவம்பரில் போனது. வகுப்பு ஒரு நாளும் நிற்கவில்லை என்று அவர்களின் இறுதி அறிக்கையில் இருந்தது. நாங்களும் அதை ஆண்டறிக்கையில் சந்தோஷமாக எழுதினோம்.

அடுத்த வருடம் எங்களில் மூவர் அந்த ஊருக்குப் போனோம். பொருளாளர் கூட்ட அறிக்கைக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார். அதைப் புரட்டியபோதுதான் வகுப்பு ஏன் நிற்கவில்லை என்று தெரிந்தது. ஆசிரியைகளுக்குக் கொடுக்கக் காசில்லாமல் போனதும் சங்கத்தின் செயலாளர் தன் பெயரில் நுண்கடன் எடுத்திருக்கிறார். கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலில் வந்து நின்று அறவிடும் கடன். அந்தக் காலத்தில் வன்னியிலும் கிழக்கிலும் அந்தக் கடன்களால் பெண்கள் பட்ட துன்பம் நாடறிந்தது. 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்கவேண்டிய நிலை வந்தது. அப்படிப்பட்ட கடனில் எங்கள் முத்திரைப் பிடிவாதத்தால் ஒரு பெண் விழுந்திருந்தார்.

ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை என்று கேட்டோம். அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்ன பதில் இதுதான்: "சொன்னா எங்களுக்கு நிர்வாகம் தெரியாதெண்டு நினைச்சு அடுத்தமுறை தரமாட்டியள் எண்டு பயந்தனாங்கள், அக்கா."

திரும்பி வரும் வழியில் வாகனத்தில் யாரும் பேசவில்லை. பிடியரிசி போட்டவளுக்கு முன்னால் வாத்தியார் பயந்து நின்றிருக்கமாட்டார். எங்களுக்கு முன்னால் ஒரு தாய் பயந்து நின்றார். அந்தப் பயம் இருக்கும்வரை எந்த அறிக்கையும் எங்களுக்கு உண்மையைச் சொல்லாது. ஆறு மாதம் ஒப்பந்தத்தை மீறியவர்கள் நாங்கள். அந்தக் கடனின் வட்டியை நிதியத்திலிருந்து கட்டினோம். அதை உதவி என்று கணக்கில் எழுதக்கூடாது, எமது தாமதத்துக்கான செலவு என்றுதான் எழுதவேண்டும் என்று குழு தீர்மானித்தது. அப்படியே எழுதினோம்.

அதன்பின் தெரிவுமுறையை மாற்றினோம். இன்று எப்படிச் செய்கிறோம் என்று சொல்கிறோம்.

முதலில் படிவம் இல்லை, பேச்சு. ஒரு சங்கம் தொலைபேசியில் அழைத்தாலே போதும். அல்லது கிராம அலுவலர், முன்பள்ளி ஆசிரியை, குடும்பநல உத்தியோகத்தர், ஏற்கெனவே எங்களோடு இருக்கும் இன்னொரு சங்கம், யாராவது அவர்களைப் பற்றிச் சொன்னாலும் போதும். நாங்கள் அழைத்துப் பேசுவோம். எங்களால் உதவ முடியாத விடயம் என்றால் அந்தப் பேச்சிலேயே சொல்லிவிடுவோம். முன்பு மாதக்கணக்கில் காத்திருக்க வைத்துவிட்டு இரண்டு வரிக் கடிதம் அனுப்பினோம். இப்போது இல்லை என்பதை விரைவாகவும் காரணத்தோடும் சொல்கிறோம்.

பொருத்தமாகத் தெரிந்தால் இருவர் ஊருக்குப் போவோம். எங்களுக்காகக் கூட்டம் கூட்டவேண்டாம், மாலை போடவேண்டாம், சிற்றுண்டி செய்யவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்வோம். அவர்களின் வழமையான மாதக் கூட்டத்தன்று போய்ப் பின்வரிசையில் இருப்போம். அங்கே பார்ப்பவை சில. கூட்ட அறிக்கைக் கொப்பி தொடர்ச்சியாக எழுதப்பட்டிருக்கிறதா? போன கூட்டத்தில் தீர்மானித்தது நடந்ததா என்று யாராவது கேட்கிறார்களா? தலைவி வராத நாளிலும் கூட்டம் நடந்திருக்கிறதா? கணவனை இழந்த பெண்கள், காணி இல்லாதவர்கள், ஊரில் குறைவாக மதிக்கப்படும் குடும்பத்துப் பெண்கள் வந்திருக்கிறார்களா, வந்தால் வாய் திறக்கிறார்களா? இந்தக் கடைசிக் கேள்வியை நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை. நம் ஊர்களில் சாதி எங்கே உட்காருகிறது என்பதைப் பாயையும் கதிரையையும் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பணத்தைப் பொறுத்தவரை, சிறு காசை எப்படிக் கையாண்டார்கள் என்று பார்ப்போம். இருபது பேரின் சந்தாப் பணம், சிரமதானத்துக்குச் சேர்த்த காசு, கதிரை வாடகைக்கு விட்ட வருமானம் ஆகியவற்றின் கணக்கு ஒழுங்காக இருந்தால் பெரிய காசும் ஒழுங்காகவே இருக்கும். வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்கவேண்டும். குறைந்தது இருவர் ஒப்பமிடவேண்டும், அந்த இருவரும் ஒரே வீட்டுக்காரராக இருக்கக்கூடாது. பதிவைப் பொறுத்தவரை, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் என்றால் கிராம அபிவிருத்தித் திணைக்களப் பதிவு போதும். 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ்ப் பதிந்தவர்களும் வருகிறார்கள். பதிவே இல்லாத நல்ல குழு என்றால் பதிவு எடுக்க உதவுகிறோம். அலைச்சலுக்கான பஸ் காசும் உதவியின் பகுதிதான்.

அதன்பிறகுதான் படிவம். இப்போது அது இரண்டு பக்கம், தமிழில். எழுதச் சிரமம் என்றால் அவர்கள் சொல்ல எங்களில் ஒருவர் எழுதி, வாசித்துக் காட்டி, ஒப்பம் வாங்குவார். கிளைகளுக்கு ஆங்கிலம் வேண்டுமென்றால் மொழிபெயர்ப்பது எங்கள் வேலை.

தெரிவுக்குழுவில் ஐவர். அவர்களில் இருவர் பழைய மாணவிகள் அல்லர். முன்பு எங்கள் உதவி பெற்று இப்போது பெறாத சங்கங்களின் பிரதிநிதிகள். இந்த யோசனை புதியதல்ல. அமெரிக்காவில் மக்கென்சி ஸ்கொட் என்ற பெரும் கொடையாளி தன் கொடைக்குப் பகிரங்க அழைப்பு விடுத்தபோது ஆறாயிரத்துக்கு மேற்பட்ட அமைப்புகள் விண்ணப்பித்தன. முதற்சுற்றில் விண்ணப்பித்தவர்களே மற்றவர்களின் விண்ணப்பங்களை வாசித்துப் புள்ளியிட்டார்கள். 2024 இல் 361 அமைப்புகளுக்கு 64 கோடி டொலர் கொடுக்கப்பட்டது. வேலை செய்பவருக்கே வேலையின் தரம் தெரியும் என்பது அதன் பொருள். எங்கள் குழுவிலும் அதைக் கண்டோம். ஒரு விண்ணப்பத்தில் தையல் பயிற்சி என்றிருந்தது. நாங்கள் தலையாட்டினோம். ஊர்ப் பிரதிநிதியாக இருந்த அம்மா, "தையல் மெசின் ஏற்கெனவே வீட்டுக்கு வீடு இருக்கு பிள்ளை, தைக்கக் குடுக்கத்தான் ஆளில்லை" என்றார். மறுபடி அந்தச் சங்கத்தோடு பேசியபோது, அவர்களுக்கு வேண்டியது வேறு, நாங்கள் விரும்புவோம் என்று எண்ணித்தான் தையலை எழுதினார்கள் என்று தெரிந்தது.

உறவு, ஊர் பற்றியும் ஒரு விதி வைத்திருக்கிறோம். இது சின்ன இடம். விண்ணப்பிக்கும் சங்கத்தில் எங்களில் ஒருவரின் மச்சாளோ பெரியம்மாவின் மகளோ இருப்பார். அப்படியானால் அந்த உறுப்பினர் அதைச் சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே போகவேண்டும். ஆரம்பத்தில் சிலருக்கு மனவருத்தம் வந்தது. இப்போது பழகிவிட்டது.

தெரிவு இவ்வளவுதான். கூட நிற்பது இதைவிட நீண்ட வேலை.

முதல் வருடம் சிறு தொகை கொடுக்கிறோம். இரு தரப்பும் ஒருவரையொருவர் அறிய அது உதவும். ஒத்துவந்தால் அடுத்த மூன்று வருடங்களுக்கு உறுதி கொடுக்கிறோம். ஒரு வருட உதவியில் எந்த ஆசிரியையும் நிம்மதியாக இருக்கமாட்டாள். ஒக்ரோபர் வந்ததும் வேறு வேலை தேடத் தொடங்குவாள். பணத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து இதற்கு இவ்வளவுதான் என்று இப்போது சொல்வதில்லை. சங்கம் தன் வேலைக்கு எப்படித் தேவையோ அப்படிச் செலவழிக்கலாம். பெரிய மாற்றம் என்றால் ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

இதில் எங்களுக்குக் கண்திறந்த காலம் 2022. அந்த வருடம் மார்ச்சில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதமளவில் 360 ரூபாவை எட்டியது. எரிவாயு இல்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பருப்பும் மாவும் விலை ஏறிக்கொண்டே போயின. முன்பள்ளிகளில் பிள்ளைகளுக்குக் காலைக் கஞ்சி கொடுக்க நாங்கள் ரூபாவில் கணக்குப் பார்த்து ஒப்பந்தம் செய்திருந்தோம். கஞ்சியில் பயறு குறைந்தது. பிறகு கிழமைக்கு ஐந்து நாள் மூன்று நாளானது. அதே மாதங்களில் எங்கள் வங்கிக் கணக்கில் என்ன நடந்தது? கிளைகள் அனுப்பிய பவுணும் டொலரும் மாற்றும்போது முன்னரைவிட அதிக ரூபா வந்தது. பிள்ளையின் கோப்பையில் கஞ்சி குறைய, நிதியத்தின் மீதி கூடியது. பொருளாளர் இதை ஒரு தாளில் இரண்டு வரியாக எழுதி மேசையில் வைத்தார். அன்றே எல்லா ஒப்பந்தத் தொகைகளையும் உயர்த்தினோம். இப்போது ஒப்பந்தத்திலேயே ஒரு வாசகம் இருக்கிறது: நாணயமாற்றால் நிதியத்துக்கு வரும் மிகுதி, வேலை செய்யும் சங்கங்களுக்கு உரியது.

நிர்வாகச் செலவு பற்றியும் சொல்லவேண்டும். என் பணம் முழுவதும் பிள்ளைகளுக்கே போகவேண்டும் என்று அன்போடு எழுதுகிறவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். ஆனால் பிள்ளைக்குப் போகும் பணத்தைக் கொண்டுபோகிறவள் பஸ்ஸில் போகவேண்டும், தொலைபேசிக்குக் காசு போடவேண்டும், கணக்கு எழுதவேண்டும். இவற்றுக்கு நாங்கள் கொடுக்காவிட்டால் அவள் தன் கையிலிருந்து போடுகிறாள். ஏழைப் பெண்ணிடமிருந்து நாங்கள் வாங்கும் நன்கொடை அது. உலகின் பெரிய அறக்கட்டளைகளில் ஒன்றான போர்ட் அறக்கட்டளையே 2015 இல் திட்ட உதவிகளில் நிர்வாகச் செலவுக்கான பங்கை 10 வீதத்திலிருந்து 20 வீதமாக உயர்த்தியது. அதனுடன், அமைப்புகளைப் பலப்படுத்த ஐந்து வருட உதவியாக 100 கோடி டொலர் ஒதுக்குவதாகவும் அறிவித்தது. எங்கள் தொகைகள் அதற்கு அருகிலும் வரமாட்டா. ஆனால் காரணம் ஒன்றுதான்.

அறிக்கை இன்னும் கேட்கிறோம். வருடத்துக்கு ஒன்று. நடந்தது என்ன, நடக்காதது என்ன, அடுத்து என்ன என்று மூன்று கேள்விகள். வட்ஸ்அப்பில் குரலில் சொன்னாலும் ஏற்கிறோம். இரண்டாவது கேள்விக்குப் பதில் வெறுமையாக வந்தால்தான் எங்களுக்குக் கவலை. கணக்கில் சிக்கல் என்றால் தவணையை நிறுத்துவதில்லை. வங்கியில் இருந்து ஓய்வுபெற்ற எங்கள் சகோதரிகளில் ஒருவர் போய்ப் பொருளாளரோடு இரண்டு நாள் இருந்து கணக்குப் புத்தகத்தைச் சரிசெய்து கொடுப்பார்.

இப்படி நம்பினால் ஏமாற்றமாட்டார்களா என்று கேட்பீர்கள். ஒரு தடவை ஏமாந்தோம். ஒரு சங்கத்தின் பொருளாளர் பணத்தில் ஒரு பகுதியைத் தன் வீட்டு வேலைக்கு எடுத்துவிட்டார். அதைக் கண்டுபிடித்தது எங்கள் படிவம் அல்ல. அதே சங்கத்து உறுப்பினர் ஒருவர் எங்களை அழைத்துச் சொன்னார். கூட்டத்தில் கணக்கு வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார், வாசிக்கவில்லை. நாங்கள் உதவியை இடைநிறுத்தினோம். சங்கம் கூடிப் புதிய பொருளாளரைத் தெரிந்தது. பழையவர் தவணை முறையில் பணத்தைத் திருப்பிக் கட்டினார். பதினான்கு பக்கப் படிவக் காலத்தில் அந்த உறுப்பினருக்கு எங்கள் தொலைபேசி இலக்கம்கூடத் தெரிந்திருக்காது. இப்போது ஒவ்வொரு சங்கத்தின் அறிவிப்புப் பலகையிலும் நாங்கள் கொடுத்த தொகையும் எங்கள் இலக்கமும் ஒட்டப்படவேண்டும் என்பது நிபந்தனை. ஊரார் படலையிலிருந்து பார்க்கட்டும்.

உதவி முடியும் வேளையையும் ஒழுங்குபடுத்தியிருக்கிறோம். ஒரு வருடத்துக்கு முன்பே சொல்கிறோம். கடைசி வருடத்தில் வேறு உதவி தேட, வருமானம் ஒன்றை ஏற்படுத்தக் கூட இருந்து பார்க்கிறோம். சில வேலைகளுக்கு வருமானம் ஒருநாளும் வராது. முற்றாகப் பார்வையிழந்த பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் வகுப்பு தன் காலில் நிற்கவேண்டும் என்று கேட்பது நியாயமில்லை. அவ்வாறானவற்றை எவ்வளவு காலம் தாங்குவது என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. நூற்றாண்டு நிதி வரும்போது பொதுக்கூட்டம்தான் அதைத் தீர்மானிக்கவேண்டும்.

பணம் மலிந்தால் என்ன நடக்கும் என்பதை நாம் கண்ணால் கண்டவர்கள். 2004 டிசம்பர் 26 க்குப் பிறகு உலகம் கொட்டிக் கொடுத்தது. 2006 இல் வெளிவந்த சுனாமி உதவி மதிப்பீட்டு அறிக்கை, திரட்டப்பட்ட தொகை குறைந்தது 1,350 கோடி டொலர் என்றது. பாதிக்கப்பட்ட ஒருவருக்கு 7,100 டொலருக்கு மேல் என்று கணக்கிட்டது. அதே 2004 இல் வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட பங்களாதேஷ் மக்களுக்குக் கிடைத்ததோ தலைக்கு மூன்று டொலர். அவ்வளவு பணம் இருந்தும், உள்ளூர் அமைப்புகள் பல இடங்களில் ஓரங்கட்டப்பட்டன என்று அதே அறிக்கை சொன்னது. வீட்டுச் சுவர்களிலும் வள்ளங்களிலும் கொடுத்தவர் பெயர் பெரிதாக எழுதப்பட்டிருந்ததை எங்கள் கரையோரக் கிராமங்களில் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

எனவே நூற்றாண்டு நிதிக்குக் கொடுக்கும் சகோதரிகளிடம் மூன்று வேண்டுகோள். ஒன்று, முடிந்தவரை இதற்குத்தான் என்று கட்டிப்போடாமல் தாருங்கள். ஊரில் என்ன தேவை என்பது ஊருக்குத் தெரியும். இரண்டு, உதவி பெறும் பிள்ளையின் புகைப்படத்தையும் நன்றிக் கடிதத்தையும் கேட்காதீர்கள். அந்தப் பிள்ளை நாளை இதே மண்டபத்தில் உங்கள் பக்கத்துக் கதிரையில் இருக்கப்போகிறவள். பார்க்க ஆசை என்றால் ஊருக்கு வரும்போது எங்களோடு வந்து மாதக் கூட்டத்தின் பின்வரிசையில் இருங்கள். மூன்று, பெயர்ப்பலகை கேட்காதீர்கள். பெயர் வைக்கும் உரிமை பணத்தோடு வந்த காலம் ஒன்று இங்கே இருந்தது. அதை நாங்கள் திரும்பக் கொண்டுவர விரும்பவில்லை.

அந்த முல்லைத்தீவுச் சங்கம் இப்போது எங்கள் உதவி பெறுவதில்லை. மாலை வகுப்பு நடக்கிறது. அதில் படித்த ஒரு பெண் இப்போது அங்கேயே கணிதம் சொல்லிக் கொடுக்கிறாள். அன்று கடன் எடுத்த செயலாளர் எங்கள் தெரிவுக்குழுவின் ஐவரில் ஒருவர். போன கூட்டத்தில் நாங்கள் ஒரு விண்ணப்பத்தில் பற்றுச்சீட்டு சரியில்லை என்று பேசத் தொடங்கியபோது அவர்தான் கையை உயர்த்தினார். "அந்தப் பிள்ளையளை முதல்லை ஒருக்காக் கூப்பிட்டுக் கேப்பம், அக்கா" என்றார். கேட்டோம். அவர்கள் ஊரில் முத்திரை வைத்திருக்கும் கடை ஒன்றுமே இல்லை.